பத்து லட்சத்து மூன்று

பக்கத்து வீட்டுக் குழந்தையின் சிலேட்டில் பலப்பம் கிறீச்சிட்டால் எனக்கு எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுதான் ஞாபகம் வருகிறது.

அம்மா இறந்த பிறகு, பத்து லட்சத்து மூன்று பகா எண்தானா என்று அப்பா சோதிக்க ஆரம்பித்தார். ஆபீஸிலிருந்து வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல், தினம் ஒரு பகா எண்ணால் சிலேட்டில் வகுத்துப் பார்ப்பார். ஆயிரம் வரை பார்த்தால் போதுமாம்.

"மீதி எவ்வளவுப்பா?" என்பேன். சொல்வார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

கடைசியாகத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. மீதி பன்னிரண்டு.

"முடிஞ்சுதும்மா. இதை எதுவும் வகுக்காது." சிலேட்டைக் கழுவி வைத்துவிட்டார்.

மறுநாள், "பதிமூணை விட்டுட்டீங்கப்பா," என்று பொய் சொன்னேன்.

"போட்டாச்சு. மீதி நாலு," என்றார், ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

பக்கத்து வீட்டுப் பலப்பம் நின்றுவிட்டது. அப்பாவிடம் கேட்க அந்த நாளுக்கு அப்புறம் எனக்கு ஒரு கேள்விகூடக் கிடைக்கவில்லை.