செக்கர் வீட்டு உச்சா விசாரணை

என் தங்கையின் கணவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். தெருவுக்கெல்லாம் அவர் செக்கர், எனக்கு மாப்பிள்ளை. "எடுத்தேன் சார், எங்கயோ விழுந்துடுச்சு" என்ற ஒரே பொய்யைப் பதினொரு வருடமாக ஓராயிரம் வாயில் கேட்டவர். அதனால் யார் எதைச் சொன்னாலும் அவர் புருவம் தானாக மேலே போகும். பால்காரர் ஊற்றும் பாலில் சந்தேகம், சுவர்க் கடிகாரம் காட்டும் நேரத்தில் சந்தேகம், மூட்டை தூக்கும்போது மட்டும் எனக்கு வரும் முதுகுவலியில் சந்தேகம். இந்தக் கடைசிச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அதை நான் அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை.

அவருடைய மகளுக்கு இரண்டரை வயது. வாண்டு என்று கூப்பிடுவோம். அவளுக்குத் தம்பி பிறந்து முப்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. டயப்பரை விடவைக்கும் பொறுப்பை மாப்பிள்ளை ஏற்றார். உச்சா வருகிறது என்று முன்னாலேயே சொல்லி, குளியலறையில் ஒழுங்காகப் போனால், ஓட்டை போட்ட பழைய டிக்கெட் ஒன்று பரிசு. வாண்டுக்கு டிக்கெட் என்றால் உயிர். நான்காம் நாளே தொழில் கற்றுக்கொண்டாள். கொஞ்சம் போய் ஒரு டிக்கெட், மீதியை அடக்கிவைத்து ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. குட்டு வெளிப்பட்ட அன்று மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேலையில்கூட அவ்வளவு பெரிய மோசடியை அவர் பிடித்ததில்லை. டிக்கெட் அன்றோடு நின்றது. சந்தேகம் மட்டும் நின்றபாடில்லை. பிள்ளை "வருது" என்றால், "நிஜமா வருதா, சும்மாவா?" என்று குனிந்து கண்ணைப் பார்ப்பார்.

இதில் உருக்குலைந்தது என் தங்கை. ராத்திரி சின்னவன் தூங்கவிட மாட்டான், பகலில் வாண்டு விடமாட்டாள். நின்றுகொண்டே கண் மூடி, சுவரில் தலை இடித்துக்கொண்டாள் ஒருநாள். மழலையர் பள்ளி ஒன்றில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. காலையில் நான்கு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். சின்னவனோடு சேர்ந்து அவளும் அந்த நான்கு மணி நேரம் தூங்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: உச்சா வந்தால் சொல்லத் தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும். சனிக்கிழமை குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். பை தூக்க நானும் போனேன், முதுகுவலியோடு.

பேருந்தில் மாப்பிள்ளை சின்னவனைத் தோளில் சாய்த்திருந்தார். வெள்ளைச் சட்டை, நன்றாகத் தேய்த்தது. மூன்றாவது நிறுத்தத்தில் வாண்டு சொன்னாள்.

"அப்பா, உச்சா வருது."

"நிஜமாவா?"

"நிஜம்."

எல்லோரும் இறங்கினோம். பெட்ரோல் பங்க் கழிப்பறையில் அவளை உட்காரவைத்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. "டிக்கெட் குடு" என்று கையை நீட்டினாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா மச்சான்? பழைய வேலை."

அடுத்த பேருந்தில் ஏறிப் பத்து நிமிடத்தில் மறுபடியும், "அப்பா, வருது."

"வராது. பேசாம உக்காரு."

"வருதுப்பா!"

என் தங்கைதான் பாய்ந்து மணியை அடித்தாள். சாலையோரப் புதருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதி ஜட்டியில், பாதி புதரில்.

"நிஜமாத்தாங்க சொல்லியிருக்கா," என்றாள் மூச்சு வாங்க.

"பாதிதானே நிஜம்?" என்றார் மாப்பிள்ளை. எனக்கு வந்த கோபத்துக்குப் பையை அவர் காலில் போட்டிருப்பேன்.

ஜட்டி மாற்றி, அரை மணி தாமதமாகப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய டீச்சர் அறையில் குட்டிக் குட்டி நாற்காலிகள். எல்லோரும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தோம். பெரிய டீச்சர் சிரித்த முகம். பதிவேட்டைத் திறந்தார், பேனாவை எடுத்தார். அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அப்படி.

மாப்பிள்ளையின் புருவம் ஏறியது. சின்னவனை என் தங்கையிடம் கொடுத்துவிட்டு வாண்டின் முன்னால் போய் நின்றார்.

"ஆய் போயிட்டியா?"

"நான் இல்லப்பா."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத. எழுந்திரு."

"நான் இல்லப்பா!"

"எல்லாரும் இதையேதான் சொல்வாங்க." பேருந்தில் சொல்லும் அதே குரல். அத்தனை பேர் முன்னாலும் அவள் கவுனைத் தூக்கி, ஜட்டியை இழுத்து உள்ளே பார்த்தார். புத்தம் புது ஜட்டி, சுத்தமாக இருந்தது.

பெரிய டீச்சர் மெல்ல, "சார், உங்க கை," என்றார்.

சின்னவன் கைங்கரியம். டயப்பரைத் தாண்டி முதுகு வழியாக ஏறி, மாப்பிள்ளையின் சட்டைக்கையில் முழங்கை வரை மஞ்சளாக இறங்கியிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் சிரித்துவிட்டேன். என் தங்கைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். வாண்டு மட்டும் சிரிக்கவில்லை. தூக்கிய கவுனை இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் அவள் பக்கம் குனிந்தார். "செல்லத்துக்கு உச்சா வந்தா யாருகிட்ட சொல்லுவீங்க?"

வாண்டு அப்பாவைப் பார்த்தாள். உதடு துடித்தது, வாய் திறக்கவில்லை. அவள் செருப்பைச் சுற்றித் தரை நனைய ஆரம்பித்தது. கடைசி வரைக்கும் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது.

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்," என்று டீச்சர் பதிவேட்டை மூடினார். "இன்னொருத்தங்க காத்துட்டு இருக்காங்க."

"அவளுக்குச் சொல்லத் தெரியும்மா," என்றாள் தங்கை. "நல்லாவே சொல்லுவா."

மாப்பிள்ளை துடைப்பான் எங்கே என்று ஆயாவிடம் கேட்டு வாங்கி, தரையை அவரே துடைத்தார்.

திரும்பும் பேருந்தில் என் தங்கை சின்னவனை அணைத்தபடியே தூங்கிப்போனாள். மாப்பிள்ளை முன் இருக்கையில் தனியாக, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு இருந்தார். இரண்டு தடவை திரும்பி, "வருதாம்மா?" என்று கேட்டார். வாண்டு என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் காதை இழுத்தாள். ரகசியம் பேசத் தெரியாத வயது. பேருந்துக்கே கேட்டது.

"மாமா, உச்சா வருது. அப்பாகிட்ட சொல்லாத."

மாப்பிள்ளையின் கழுத்து ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு எழுந்து மணியை அடித்தார். நிஜமா என்று கேட்கவில்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன், பின்னாலேயே அவரும் இறங்கினார். ஒரு சுவரோரம் அவளை உட்காரவைத்தேன். மாப்பிள்ளை பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் தங்கையோடு பேருந்து புறப்பட்டுப் போனதைக்கூட அவர் பார்க்கவில்லை.

ரொம்ப நேரம் ஆயிற்று.

"வரல, மாமா," என்றாள் வாண்டு, பயந்த குரலில்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

"பரவாயில்லைன்னு அவகிட்ட சொல்லுங்க மச்சான்," என்றார்.