முனியாண்டி அண்ணன் மறைத்த பதில்

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருந்தபோது செய்தி வந்தது. எங்கள் எஸ்டேட்டின் தலைமை லோரி ஓட்டுநர் முனியாண்டி அண்ணன் பிரிஞ்சாங்கில், தன் வீட்டிலேயே காலமாகிவிட்டார். இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேசவில்லை. எழுதுகிறேன்.

பதினெட்டு ஆண்டுகள் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஓட்டுநர்களை வேலைக்கு எடுத்தோம். நான் அலுவலகக் கிராணி, எழுத்து வேலை. லைசன்ஸையும் போக்குவரத்துச் சம்மன்களையும் பார்ப்பேன். அவர் மலைப்பாதை வளைவுகளில் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். ஒரு முறை மூடுபனியில் ஏற்றிய தேயிலையோடு இரண்டு மணி நேரம் லோரியை ஓரம் கட்டி நிறுத்தினார். மானேஜர் கடிந்துகொண்டபோது, "சாமான் லேட்டா போனா பரவாயில்ல லா. ஆளு முழுசா போய்ச் சேரணும்" என்றார். அந்த அண்ணனைத்தான் நான் நம்பினேன்.

ஈப்போவிலிருந்து ஒருவன் வேலை கேட்டு வந்தான். அண்ணனின் தங்கை மகன். அவனுடைய பழைய முதலாளியிடம் விசாரிக்க நான் தொலைபேசியை எடுத்தேன். தானே பேசிவிட்டதாகவும், ஒரு குறையும் இல்லை என்றும் அண்ணன் சொன்னார். படிவத்தில் 'விசாரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் மாதம், பட்டப்பகலில், தாப்பா சாலையில் அவன் கண்ணயர்ந்தான். லோரி கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரவணன், சுமை ஏற்றுபவன், வலது காலை இழந்தான். விசாரணையில் அண்ணன், "கையெழுத்து கிராணியோடது" என்றார். தானே விசாரித்ததாக என்னிடம் சொன்னதை அங்கே விட்டுவிட்டார். என்னைக் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

சென்ற ஆண்டு, உடம்பு முடியாத நிலையில் என் வீட்டுக்கு வந்தார். தேநீரைத் தொடவில்லை.

"நான் போன் பண்ணேன்மா. ரெண்டு தடவ ஸ்டியரிங்கிலேயே தூங்கிட்டான்னு அவங்க சொன்னாங்க. தெரிஞ்சேதான் மறைச்சேன்."

இதை மானேஜரிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். தங்கை முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் கியா பார்ம் சந்தைக்குப் போனேன். சரவணன் அங்கே ஸ்ட்ராபெரி கடை வைத்திருக்கிறான். விபத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசியதில்லை. நடந்ததைச் சொன்னேன். கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"வாரா வாரம் வந்து என்கிட்டதான் பழம் வாங்குவாரு அக்கா. ஒரு நாளும் சொல்லலியே."

உட்கார ஒரு முக்காலியை என் பக்கம் நகர்த்தினான்.

அண்ணனை அறிந்தவர்களே, அவர் கைதேர்ந்த ஓட்டுநர் என்பதை நானும் மறுக்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பதினெட்டு ஆண்டு நட்பும், இன்னும் ஆறாத இந்தக் கோபமும். ஒன்றுக்காக மற்றதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.