வாபஸ் வாங்கிய மனு

எங்கள் ஊராட்சியை மதுரை மாநகராட்சியோடு சேர்த்தபோது எனக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் கண்மாயை நினைத்துத்தான் பயம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் காலனியும் நாங்களும் இனி ஒரே வார்டு. காலனிச் சாக்கடையை எங்கள் கண்மாயில் விடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கவுன்சிலர் எங்கள் ஆளாக இருந்தால் தடுக்கலாம். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் ஊராட்சியில் மெம்பராக இருந்தவள். காலனியில் வருஷக்கணக்காகப் பால் ஊற்றுகிறேன். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை தெரியும். மனுப் போட்டேன்.

ஊர்க்கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். பழைய தலைவர் தன் சம்சாரத்தை நிறுத்தியிருந்தார். கோயில் முன்னால் ஊர்கூடி ஒருவரை முடிவு செய்துவிட்டால் மற்றவர்கள் வாபஸ் வாங்கவேண்டும், ஓட்டுப்பதிவே இருக்காது. இதுதான் எங்கள் ஊர் வழக்கம். காலனியில் நம்மைவிட ஓட்டு அதிகம், அவர்களை இந்தக் கட்டுப்பாடு என்ன செய்யும் என்று கேட்டேன். பொம்பளைக்கு இம்புட்டு வாய் ஆகாது என்றார்கள். என் வீட்டுக்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டே, வாங்கிவிடு என்றார். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அன்றைக்கே பூமாலை, வெடி. நிற்பது பொண்டாட்டி, மாலை புருஷனுக்கு. ஊர் முடிவெடுத்ததும் ஜெயித்துவிட்டதாகவே நினைப்பு. காலனிப் பக்கம் ஓட்டுக் கேட்க ஒரு ஆள் போகவில்லை. அந்த அம்மாள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. காலனி நிறுத்திய பெண் சுலபமாக ஜெயித்தாள். நல்லா வேணும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ஊரார் செய்த கூத்துக்குக் கண்மாய் என்ன பாவம் செய்தது?

அடுத்த மழைக்குள் தண்ணீர் நாறத் தொடங்கியது. வயலில் இறங்கினால் காலெல்லாம் அரிப்பு. அப்போதுதான் தலைவருக்கு என் வீட்டு வழி தெரிந்தது.

"காலனியில எல்லாரும் ஒனக்குப் பழக்கந்தான தாயி. அந்தக் கவுன்சிலரம்மாகிட்ட நீயி ஒரு வார்த்த சொல்லேன்."

"எனக்கு வாய் ஆகாதுல்லண்ணே" என்றேன்.

அவருக்காக இல்லை, கண்மாய்க்காக ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். கவுன்சிலர் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். மனுவைப் பொறுமையாக வாசித்தாள். குழாய் பதித்தாகிவிட்டது, இனி மாற்றுவது கஷ்டம் என்றாள். நான் எழுந்தபோது கேட்டாள்:

"நீங்க நின்னா காலனி ஓட்டே பாதி உங்களுக்குத்தான்னு நாங்க பயந்துகிட்டு இருந்தோம்க்கா. ஏன் வாபஸ் வாங்குனீங்க?"

ஊர் சொன்னது என்றேன். சொல்லும்போது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.