சாமியிடம் கோள் சொல்லுகிறவள்

டீச்சரம்மாவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எழுதிக்கொண்டே போய்க் கடைசியில் மனம் இளகி மன்னித்துவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கடலூரில் எங்கள் தெருக் கோயிலில் மகளிர் வழிபாட்டு மன்றம் நடத்துகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடி உட்கார்ந்து பதிகம் பாடுவோம். நான் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தனியார் பஸ் ஓட்டினார். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

அவர் இறந்த வருடமே ஆடி வெள்ளிக்குத் திருவிளக்கு பூஜை வந்தது. வருடா வருடம் செய்வதுபோல என் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தேன். திரி போட்டு எண்ணெயும் ஊற்றியாகிவிட்டது. டீச்சரம்மா வந்தார். குனிந்து என் விளக்கை எடுத்தார். கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. இது சுமங்கலிங்க பண்றது. சாமி காரியம், சுத்தமா செய்யணும். நீ போயி பாத்திரம் பக்கம் ஒத்தாசையா இரு."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து விளக்குக்காரி நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் நகர்ந்து தன் புடவையை விரித்து விட்டுக்கொண்டாள். நான் சர்க்கரைப் பொங்கல் அண்டா கழுவினேன். அடி பிடித்திருந்தது. சுரண்டச் சுரண்ட எனக்குள் ஒன்று கெட்டியாகிக்கொண்டே வந்தது.

வழக்கமாக இப்படி ஏதாவது நடந்தால் நான் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். கடையில் மெஷினுக்கு மேலே காலண்டர் நடராஜர் ஒருவர் மாட்டியிருக்கிறார். வருடம் முடிந்தும் கழற்ற மனம் வராமல் விட்டுவைத்த படம். மெஷின் மிதித்துக்கொண்டே அவரோடு பேசுவேன். கரண்டு போனால் அவரைத்தான் திட்டுவேன். வீட்டுக்காரர் போன புதிதில், "நீ ஆடிக்கினே இரு, இங்க ஒருத்தி குடும்பம் கவுந்துபோச்சு" என்று கத்தியிருக்கிறேன். மந்திரமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. ஆனால் பேசி முடித்தால் சோறு இறங்கும். அந்த ஒரு துணையை வைத்துத்தான் அதுவரை நாளைத் தள்ளினேன்.

இந்த முறை சொல்லி அழ எனக்கு விருப்பமில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பாடும்போது டீச்சரம்மா கைத்தாளத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். சொல் பிசகினால் ணங்கென்று ஒரு தட்டு. தட்டினால் முதல் பாட்டிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். "தப்பா பாடுனா சாமிக்குப் போயி சேராது" என்பார். புதுசாகக் கல்யாணமாகி வந்த ஒரு மருமகளைத் தட்டித் தட்டியே அழ வைத்திருக்கிறார். வருடம் முழுக்கத் தட்டே வாங்காமல் பாடுகிறவளுக்கு, மார்கழியில் சிதம்பரம் போகும்போது தாளம் கைமாறும். அன்று டீச்சரம்மாவே பாடினாலும் அவள்தான் தட்டுவாள். அதுவரை யாருக்கும் கைமாறியதில்லை. விளக்கு ஏற்றத்தான் எனக்குத் தடை, பாடத் தடை இல்லை. அது போதும் என்று முடிவு செய்தேன்.

செல்போனில் பதிகங்களை ஏற்றிக்கொண்டேன். மெஷினில் உட்கார்ந்தால் காதில் ஒயர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துத் திருவதிகைக்குப் போய்ப் பிராகாரத்தில் உட்கார்ந்து ஒப்பிப்பேன். விடியுமுன் தலைக்குக் குளியல், சோமவாரம், பிரதோஷம், ஒன்றையும் விடவில்லை. மீனை விட்டேன். முதுநகரிலிருந்து கூடைக்காரம்மா சங்கரா மீனோடு வந்து வாசலில் குரல் கொடுக்கும்போது வயிறு கேட்கும். டீச்சரம்மா முகத்தை நினைத்துக்கொள்வேன், வயிறு அடங்கிவிடும். நடுவில் அவர் ஜாக்கெட் ஒன்று தைக்க வந்தது. கையை அரை இஞ்ச் இறுக்கித் தைத்துக் கொடுத்தேன். அது ஒரு சின்ன சந்தோஷம்.

தெருவில் பேர் வந்துவிட்டது. புருஷன் போன பிறகு எப்பேர்ப்பட்ட பக்தி பாருங்கள் என்றார்கள். டீச்சரம்மாவே சொன்னார், "இதான் பக்குவம்." அந்தச் சொல்லைக் கேட்டதும் இன்னும் இரண்டு பதிகம் கூடுதலாகப் படித்தேன்.

ஒரு தட்டும் வாங்காமலே ஒரு வருடம் ஓடி, அடுத்த மார்கழி வந்தது. சிதம்பரத்தில் சிவகங்கைக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். முறை மாறாதவர் என்பதால் டீச்சரம்மா தன் கையாலேயே தாளத்தை என் கையில் கொடுத்தார். மற்றவர்களை நான் தட்டவில்லை. பிசகினார்கள்தான், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். கடைசியாக டீச்சரம்மா பாடினார். நன்றாகத்தான் பாடினார். ஏழாம் பாட்டில் எட்டாம் பாட்டின் அடி ஒன்று வந்து நுழைந்தது. தட்டினேன்.

குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. அவர் முதலிலிருந்து பாடினார். அதே இடத்தில் மறுபடியும் தடுமாறினார், மறுபடியும் தட்டினேன். மூன்றாம் முறை மூன்று பாட்டைக்கூடத் தாண்டவில்லை, குரல் உடைந்துவிட்டது. "தொண்ட சரியில்ல" என்றார்.

"பரவால்ல டீச்சரம்மா. சாமி காரியம், சுத்தமா செய்யணும். நீங்க போயி செருப்பு பக்கம் ஒத்தாசையா இருங்க" என்றேன்.

அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று மறைக்கப் போவதில்லை. உடனே என் நடராஜரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. என் காலண்டர்காரர் உள்ளே நிஜமாகவே ஆடிக்கொண்டு நிற்கிறாரே. கூட்டத்தை இடித்துக்கொண்டு சன்னதிக்குப் போனேன். தீபாராதனை காட்டினார்கள். வாயைத் திறந்தேன்.

பதிகம் வந்தது. சொல் பிசகாமல், பண் பிசகாமல் வந்தது.

நிறுத்திவிட்டு, "பாத்தியா சாமி" என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். வரவில்லை. நாக்கு அடுத்த பாட்டுக்குத்தான் போனது. ஒரு வருடமாக அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவரைப் பற்றி அத்தனை பாட்டும் தெரியும். அவரோடு பேச ஒன்றும் இல்லை. கட்டினவன் போனபோது வந்த அதே பயம் காலிலிருந்து ஏறியது. இனி கடைக்குப் போனால் யாரோடு பேசுவேன்? அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. இதையும் அந்தப் பொம்பளை பிடுங்கிக்கொண்டாளே.

"யோவ்" என்று வாய்விட்டே கத்தினேன். "அவ பல்லு கொட்டிப் போவட்டும்யா!"

கற்பூரத் தட்டோடு நின்ற தீட்சிதர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவள் குழந்தையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். எனக்கு நிறுத்த முடியவில்லை.

"எல்லாரு முன்னாலயும் என் வெளக்க தூக்கி ஓரமா வெச்சா. நீ பாத்துக்கினுதான இருந்த? ஒரு வருசமா மீன் திங்கல, உனக்காவன்னு நெனச்சிக்கினியா? இல்ல. அவள ஒழிக்கத்தான். ஒழிச்சிட்டேன். ஆனா ஆத்தரம் தீரலயே, நான் இன்னா பண்ணுவேன்?"

கண்ணும் மூக்கும் ஒழுகின. யாரோ நகரச் சொல்லி முதுகில் கை வைத்தார்கள். வெளியே வந்தபோது நல்ல பசி எடுத்தது.

மன்றத்துக்கு அப்புறம் நான் போகவில்லை. மறு வாரமே சங்கரா வாங்கிக் குழம்பு வைத்தேன். படித்த பாட்டில் பாதி மறந்துவிட்டது, மீதியைத் தப்பும் தவறுமாக மெஷின் சத்தத்தோடு பாடுகிறேன். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை டீச்சரம்மாவைப் பற்றிக் கோள் சொல்வதுதான். அவருக்குப் பல் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

அவரே போன மாதம் கடைக்கு வந்தார். ஜாக்கெட் துணியைப் பலகைமேல் வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தபடி நின்றார்.

"அன்னிக்கு சன்னதில உனக்குப் பின்னாலதான் நின்னேன். எல்லாம் காதுல வுழுந்துது" என்றார்.

நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"எம் பல்லப் பத்தி இன்னா வேணா சொல்லிக்க. அது இல்ல நான் கேக்க வந்தது." துணியின் மடிப்பை விரலால் நீவினார். "எனக்கு சின்ன வயசுலேர்ந்து பாட்டுதான் வருது. பாட்டு முடிஞ்சா ஒண்ணும் வரல. நீ பேசினியே அன்னிக்கு, அது எப்பிடி ஆரம்பிக்கிறது?"

அளவு மட்டும் எடுத்தேன். கைச்சுற்றை நோட்டில் குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஷேர் ஆட்டோ அவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்வரை பார்த்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன்.

"கேட்டியா? அந்தம்மாவுக்கு உங்கிட்ட பேசணுமாம்" என்றேன் மேலே பார்த்து. "எனக்கு சொல்லிக் குடுக்க மனசில்ல. உனக்கு வேணும்னா நீயே போயி பேசிக்க."