கதவின் கண்ணில் சந்தனம்

பள்ளிப் பேருந்தின் தானியங்கிக் கதவு என் மகளின் கையை நசுக்கிய நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. எலும்பு முறியவில்லை, மணிக்கட்டில் வீக்கம்தான். ஆனாலும் எல்லாரும் ஓட்டுநரைத் திட்டினோம். பள்ளியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

மறுவாரம் போக்குவரத்து அலுவலகத்து ஆய்வாளர் வண்டியைச் சோதிக்க வந்தார். ஓட்டுநரையும் என்னையும் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரத்தில், ஆள் நிற்பதை உணரும் சென்சாரை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது.

"யாருங்க இதுல பொட்டு வெச்சது?"

ஓட்டுநர் தலைகுனிந்து நின்றார். ஆயுத பூஜையன்று, பிள்ளைகள் ஏறும் வழியாயிற்றே என்று, திருத்தணி மலையில் வாங்கிய சந்தனத்தை அங்கே வைத்தவள் நான்.

"நான்தாங்க," என்றேன்.

"சென்சார் மறைஞ்சா கதவு மூடாம நிக்கணும்மா. இது மூடிக்கினு போவுது. கோளாறு கதவுலதான். இந்தக் கதவு போட்ட வண்டி எல்லாத்தையும் சோதிக்கணும்னு எழுதறேன்."

ஓட்டுநர் பெருமூச்சு விட்டார். "அடுத்த வருசம் சக்கரத்துக்கு மட்டும் வைங்கக்கா," என்றவர், "பாப்பா கை எப்டி கீது?" என்றார்.

"வீக்கம் வத்திடுச்சு," என்றேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.