இருபத்தெட்டாயிரம் அடியில் ஜெறோம் அண்ணை

ரேமோன் தொலைபேசியில் அழைத்தபோது நான் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் செயற்கைச் சுவாச இயந்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ரேமோன் எங்கள் கிளைடர் கழகத்தின் இழுவை விமானி. இயந்திரமில்லாத கிளைடரைக் கயிற்றில் இழுத்து மேலே கொண்டுபோய் விடுவது அவர் வேலை. நான் வேலையில் நிற்கும் நேரத்தில் அவர் என்னை ஒருநாளும் அழைத்ததில்லை. பிரெஞ்சில், மிக மெதுவாக, ஒரே ஒரு வசனம் சொன்னார். ஜெறோம் இன்னும் இறங்கவில்லை.

மணி நாலரை. கிளைடருக்கு எரிபொருள் தீரும் என்ற பயம் கிடையாது, ஆனால் வெளிச்சம் தீர்ந்துவிடும். மறுநாள் காலை ஹெலிகொப்டர் அவரை மலைச்சரிவில் கண்டுபிடித்தது. அவர் தன் இருக்கையில் பட்டிகளுடன் இருந்தார். வலது இறக்கை அங்கே இல்லை. அது பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் மரங்களின் மேல் கிடந்தது.

இந்த முப்பத்தோராம் நாளுக்குக் கூடியிருக்கும் உங்களில் பலருக்கு ஜெறோம் அண்ணையைக் கோயில் மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவராகத் தெரியும். சிலருக்கு அவருடைய கோபமும் தெரியும். மன்னாரிலிருந்து வந்து, வில்லரே பகுதியில் குடியிருந்து, விமானத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தகடு பொருத்தியவர். அவரும் நானும் ஓர் இரண்டு இருக்கைக் கிளைடரின் பங்காளிகளாக ஒன்பது வருடம் இருந்தோம். அதற்குள் நடந்த ஒன்றை அவர் உயிரோடு இருந்தவரை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

எங்கள் பறப்பு கோடைகாலத்துப் பொழுதுபோக்கு அல்ல. இலையுதிர்காலத்தில் வடமேற்குக் காற்று மூர்க்கமாக வீசும் நாட்களில், கியூபெக் நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலைகளுக்குப் போவோம். ஆற்று நீர் பாறையைத் தாண்டிய பின் எழும்பி விழுவதுபோல, மலையைத் தாண்டும் காற்றும் அலையாக எழும்பும். அந்த அலையில் நின்றால் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கு அருகில்கூடப் போகலாம். மேலே காற்று கண்ணாடிபோல அசையாது. ஆனால் அதற்குக் கீழே, போகவும் வரவும் கடந்தே ஆகவேண்டிய ஓர் இடம் இருக்கிறது. அங்கே காற்று உருண்டு புரளும். அதை ரோட்டர் என்போம். அதற்குள் போன கிளைடரை அது கல்லில் துணி அடிப்பதுபோல அடிக்கும்.

ஏன் இந்த விளையாட்டு என்று ஒருமுறை காரில் போகும்போது கேட்டேன். பதினாறு வயதில் பதுங்குகுழிக்குள் கிடந்ததைச் சொன்னார். குண்டுவீச்சு விமானம் வந்தது. அவருடைய அண்ணன் குழியின் வாசல்வரை ஓடிவந்துவிட்டார். அதற்குமேல் வரவில்லை. மண்ணும் அண்ணனின் இரத்தமும் தன் முதுகில் கொட்டியதை, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"என்ஜின் சத்தம் கேட்டா என்ர நெஞ்சு இப்பவும் எண்ணத் தொடங்கும், தங்கச்சி. எத்தனைக்குள்ள விழும் எண்டு. நாள் முழுக்கத் தொழிற்சாலையில எண்ணிக்கொண்டுதான் வேலை செய்யிறன். எண்ணாம இருக்க எனக்கு ஒரு இடம் வேணும்."

அவருடைய கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. கழகத்தில் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டரைச் சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்து வைத்தார். அது பாதி வெறுமை. பறப்பதற்கு முன் அதைக் கண்டுபிடித்த அண்ணை, அந்த மனிதரைச் சட்டைக் கழுத்தில் பிடித்து, கொட்டகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துப்போய்ச் சுவரில் மோதினார். மூன்று பேர் சேர்ந்துதான் கையை எடுக்க முடிந்தது. ஒரு பருவம் முழுவதும் அவர் பறக்கக் கூடாது என்று கழகம் தடைவிதித்தது. அவர் எதிர்த்து வாதாடவில்லை. "கழுத்தைப் பிடிச்சது பிழை. பிடிச்ச காரணம் பிழையில்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தடை முடிந்த அடுத்த இலையுதிர்காலத்தில்தான் நாங்கள் இருபத்தெட்டாயிரம் அடிக்கு ஏறினோம். நான் முன் இருக்கையில் ஓட்டினேன். அவர் பின்னால் இருந்தார். வெளியே மைனஸ் நாற்பது. கண்ணாடிக் கூடாரத்தின் உட்புற ஓரங்களில் எங்கள் மூச்சு உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கீழே செயின்ட் லோறன்ஸ் நதி முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கியது. நான் அதைப் படம் எடுக்கத் திரும்பினேன். அந்தத் திருப்பத்தில் என் முகமூடிக்கு வரும் ஒட்சிசன் குழாய் கழன்றுவிட்டது.

குழாய் மாட்டுவதுதான் என் தொழில். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைச் செய்கிறவள், என் குழாய் கழன்றதை உணரவில்லை. ஒட்சிசன் குறையும்போது மூச்சுத் திணறாது. சந்தோஷம்தான் வரும். நான் பாடத் தொடங்கினேனாம். இன்னும் மேலே, இன்னும் மேலே என்று கத்தினேனாம். அண்ணை இறங்கச் சொன்னார். நான் சிரித்தேன். அவருடைய இருக்கையிலும் ஒரு கட்டுப்பாட்டுத் தண்டு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. அவர் ஒரு பக்கம் தள்ள, நான் இரண்டு கையாலும் மறுபக்கம் இழுத்தேன். கிளைடர் சரிந்து, மூக்கைக் கீழே போட்டு, வேகமெடுத்து அலறத் தொடங்கியது.

அவர் தன் பட்டிகளைக் கழற்றினார். வலக்கைக் கையுறையையும் கழற்றினார். எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த கருவிப் பலகைக்கு மேலால் உடம்பை நீட்டி, பாதி கழன்று தொங்கிய என் முகமூடியைப் பிடித்தார். நான் அவருடைய விரல்களைக் கடித்தேன். எலும்பில் பல் படும்வரை கடித்தேன். அவர் என் காதோடு சேர்த்து ஓர் அடி அடித்தார். என் தலை கண்ணாடியில் மோதியது. இரண்டாவது அடியில் நான் வாயைத் திறந்தேன். அவர் முகமூடியைச் சரிசெய்து, குழாயை மாட்டி, ஒட்சிசனை முழுதாகத் திறந்துவிட்டார்.

எனக்கு நினைவு திரும்பியபோது வாயில் இரத்தம் இருந்தது. அது என்னுடையது என்றுதான் நினைத்தேன். கிளைடர் அதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணை இடக்கையால் இறக்கைத் தடுப்புகளை உயர்த்தி, வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

தன் பட்டிகளை மறுபடி பூட்ட அவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நேரம் இருந்தது. ஆனால் கையுறை இல்லாமல் நின்ற வலது கை மரத்துப்போயிருந்தது. கடிபட்ட விரல்கள் வெள்ளையாகிவிட்டன. அவர் முயன்று முயன்று பார்த்தார். கொக்கி விழவில்லை. நானும் கையைப் பின்னால் நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. எங்களுக்குக் கீழே ரோட்டர் இருந்தது.

"இப்ப நீதான் ஓட்டவேணும்," என்றார். "என்னைப் பற்றி யோசியாத. வேகத்தை மட்டும் பார்."

முதல் அடியில் அவருடைய தலை கண்ணாடிக் கூடாரத்தை உடைத்தது. விரிசல் என் தலைக்கு மேல்வரை ஓடியது. இரண்டாவது அடி எங்களைத் தலைகீழாக்கப் பார்த்தது. பின்னால் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. விமானம் முறிகிறது என்று நினைத்தேன். முறிந்தது அவருடைய தோள் எலும்பு. அவர் கத்தவில்லை. என் பின்கழுத்தில் இரத்தம் சூடாக விழுந்தது. ஆறேழு நிமிடம் நான் வேகமானியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒவ்வொரு அடிக்குப் பிறகும் "சரி, சரி" என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இறங்கும் தரையைக் கண்டபோது அந்தக் குரலும் நின்றிருந்தது. சக்கரம் தரையில் பட்ட பிறகுதான் மறுபடி கேட்டது.

அவருடைய இரண்டு விரல் நுனிகளை வெட்டி எடுத்தார்கள். பல் அடையாளத்தைக் கண்ட மருத்துவர் இது என்ன என்று கேட்டார். நாய் கடித்தது என்றார் அண்ணை. எங்கே என்று மருத்துவர் கேட்க, வீட்டில் என்றார். அவர் வீட்டில் நாய் கிடையாது. தன் மனைவி மெற்றில்டா அக்காவிடம் விரல் தொழிற்சாலையில் போனது என்று சொல்லிவிட்டார். தோளுக்கு வேறொரு கதை.

இரண்டு கிழமை கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். ஓர் அரை மணித்தியாலம் வானிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு, பிறகு அழுதேன். அவர் என்னை அழவிட்டுச் சொன்னார்:

"நீ கடிக்கேல்ல. ஒட்சிசன் இல்லாத ஒருத்தி கடிச்சவ. அவவை எனக்குத் தெரியாது. நான் அடிச்சதும் அவவைத்தான்."

விபத்து நடந்த அன்று அவர் ஒற்றை இருக்கைக் கிளைடரில் தனியாகப் போனார். எனக்கு வேலைநாள். வேறு காரணம் இல்லை. இறுதிச் சடங்கு மண்டபத்தில் மெற்றில்டா அக்கா என் மேலங்கியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பெட்டிக்கு முன்னாலேயே என்னை உலுக்கினார்.

"ஏன் தனிய விட்டனி? நீ பின்னால இருந்திருந்தா அவரை இறங்கச் சொல்லியிருப்பாய். உயரம் காணாது, உயரம் காணாது எண்டு அவர் என்னை விட்டிட்டுப் போட்டார்."

அவருடைய பிள்ளைகள் வந்து பிரித்தார்கள். என் மேலங்கியின் ஒரு பொத்தான் அவர் கையில் போய்விட்டது. நான் கோபப்படவில்லை. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏறித்தான் போனாரா? அந்த மயக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வாசலில் ரேமோன் எனக்காகக் காத்துநின்றார். கடைசியாக ஜெறோமுடன் வானொலியில் பேசியவர் அவர்தான். இருபத்தேழாயிரம் அடியில் நிற்பதாகவும், காற்று இன்னும் பலமாகத் தூக்குவதாகவும் அண்ணை பிரெஞ்சில் சொன்னாராம். அப்படியானால் மேலே போ என்று ரேமோன் பகிடியாகச் சொன்னாராம். அதற்கு அண்ணை ஒரு சொல் சொல்லிவிட்டு, இறங்குகிறேன் என்றாராம். அந்தச் சொல் பிரெஞ்சு அல்ல. ரேமோன் அதைக் கேட்டபடியே ஒரு காகிதத் துண்டில் எழுதிவைத்திருந்தார். பிரெஞ்சு எழுத்துகளில் இருந்த அதை நான் மூன்று தடவை வாய்விட்டு வாசித்த பிறகுதான் புரிந்தது.

காணும்.

இரண்டு நாள் கழித்து வில்லரேயிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெற்றில்டா அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடித்ததையும் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துக் காட்டி, ரேமோன் சொன்னதைச் சொன்னேன். காற்று தூக்கிக்கொண்டிருந்தபோதே, போதும் என்று அவர் திரும்பினார். வீட்டுக்கு வரும் வழியில்தான் ரோட்டர் அவரை உடைத்தது.

அக்கா துண்டை வாங்கிப் பார்த்தார்.

"சோறு போடேக்க கையால மறிச்சுச் சொல்லுறவர். அந்த மாதிரியோ சொன்னவர்?"

"ஓம் அக்கா. அந்த மாதிரித்தான்."

அவர் துண்டைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

ஏன் இறக்கை முறிந்தது என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். காகிதம் அக்காவிடம் இருக்கிறது. சொல்லை நான் வைத்திருக்கிறேன். அடுத்த இலையுதிர்காலத்தில் நான் மறுபடி அந்த மலைகளுக்குப் போவேன். ரோட்டரைக் கடந்து, ஒன்றும் அசையாத அந்த உயரத்துக்கு ஏறுவேன். காற்று இன்னும் தூக்கிக்கொண்டிருக்கும். அப்போது ஜெறோம் அண்ணையின் குரலில் அல்ல, என் குரலில், தமிழில் அதைச் சொல்வேன். சொல்லிவிட்டு இறங்குவேன்.