பரீட்சைக்கு வந்த அக்கா

அந்த நோட்டு மறுபடியும் என் மேசைக்கு வருமென்று நான் நினைக்கவில்லை. காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. முதுகில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் எது கிழிந்தாலும் பிளாஸ்திரிதான். எங்கள் பொது மருத்துவப் பிரிவில் அதற்குக் கேஸ் நோட்டு என்று பெயர். மேல்படிப்பு மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்கு உண்மையான நோயாளிகள் வேண்டும். யாருக்கு மண்ணீரல் கைக்கு நன்றாகத் தட்டுப்படுகிறது, யார் நெஞ்சில் என்ன சத்தம் கேட்கிறது, எந்த ஊர், எந்த போன் நம்பர் என்று பல வருடங்களாகப் பலர் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். தேர்வு நெருங்கினால் போன் செய்து கூப்பிடுவோம். சென்ற வாரம், கேஸ் சேர்க்கும் வேலையிலிருந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அந்த நோட்டை விரித்து ஒரு வரியில் விரலை வைத்து, "மேடம், இவங்களக் கூப்பிட்டா வருவாங்களா?" என்று கேட்டாள்.

விரலுக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து. "ஜேடர்பாளையம். இதய வால்வுச் சுருக்கம். நல்ல சத்தம்." பக்கத்தில் மூன்று நட்சத்திரம் வேறு போட்டிருந்தேன். மாணவியின் சிக்கல் இதுதான்: வார்டில் இருக்கும் ஓமலூர்ப் பெண்ணுக்கும் அதே நோய். ஆனால் அவளுக்குக் கோயமுத்தூரில் வால்வை விரிக்கும் சிகிச்சைக்குத் தேதி கிடைத்துவிட்டது, தேர்வுக்கு நான்கு நாள் முன்னால். "இந்தம்மா வந்துட்டா அந்தப் பொண்ண அனுப்பிடலாம் மேடம். இல்லன்னா தேதியக் கொஞ்சம் தள்ளி வாங்கலாமா?" என்றாள். கெட்ட பெண் இல்லை. வார்டில் முதலில் வந்து கடைசியில் போகிறவள். சாயங்காலம் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சொல்லத் தைரியம் சேர்க்க ஒரு பகல் தேவைப்பட்டது.

ஜேடர்பாளையத்து அக்காவை நான் முதலில் பார்த்ததே என் சொந்தப் பரீட்சையில்தான். பரீட்சை ஹாலில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது. கட்டிலில் ஓர் எண்ணை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அவர் ஐந்தாம் எண். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் பிரிவின் தலைவரான சீஃப், என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். என் நெஞ்சு அடித்த அடியில் அவர் நெஞ்சில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நோயின் சத்தம் மல்லாந்து படுத்தால் சரியாகக் கேட்காது. நோயாளியை இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்ல வேண்டும். அப்போது இதயம் நெஞ்சுக் கூட்டை ஒட்டி வரும். நூறு தடவை படித்தது, அந்த நேரம் பார்த்துச் சுத்தமாக மறந்துபோயிற்று.

அவருக்கு மறக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமலே மெதுவாக இடது பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இப்பக் கேளுங்க சாமி" என்றார். கேட்டது. கணவாயில் பாரம் ஏற்றிய லாரி மேடு ஏறுகிற மாதிரி, தூரத்தில், கனமாக. நான் பாஸானேன். நோயாளிகள் மாணவர்களிடம் நோயைச் சொல்லக் கூடாது என்பது விதி. அவர் சொல்லவில்லையே, திரும்பித்தானே படுத்தார் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் கெங்கவல்லிப் பக்கம் சாமி என்றால் கோயிலில் இருக்க வேண்டும். வேர்த்து விறுவிறுத்து நின்ற என்னை முதன்முதலில் சாமி என்று கூப்பிட்டவர் அவர்தான்.

அதன் பிறகு அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். தேர்வுக்குக் கேஸ் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அது சீனியர்கள் தொட விரும்பாத வேலை. நோட்டைக் கையில் வாங்கியதும் முதலில் நான் எழுதியது அக்காவைத்தான். போன் செய்தால், "வாரனுங்க சாமி" என்பார். சொன்ன நாளில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலை அவருக்கு. சீஃபுக்கென்று வாழைப்பட்டையில் சுற்றி ஒரு கட்டு வெற்றிலை கொண்டு வருவார். சீஃப் வெற்றிலை போடாதவர். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "இந்தம்மாவுக்கு ஒரு எம்.டி. பட்டத்தக் குடுத்துரலாம், நம்ம பசங்கள விட நல்லாச் சொல்லும்" என்று கேலி பண்ணுவார்.

அது கேலி மட்டும் இல்லை. எத்தனை வருடமாக மூச்சு வாங்குகிறது, எத்தனை படி ஏறினால் வாங்குகிறது, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று மாணவர்கள் எந்த வரிசையில் கேட்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருமுறை கேட்டேன், சலிப்பாக இல்லையா அக்கா என்று. "சலிப்பென்னங்க சாமி. ஊட்டுல ஆருங்க இப்படிக் குக்கி உக்காந்து, எப்பத்திலிருந்து வலிக்குதுன்னு கேக்கறாங்க?" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "பயந்த புள்ளைங்க கை சில்லுனு இருக்குமுங்க. தொட்டதும் தெரிஞ்சுக்குவனுங்க. அதுகளுக்குத்தான் கேக்கறதுக்கு முன்னாலயே திரும்பிப் படுத்துக்கறது." எங்கள் கல்லூரியில் அந்தச் சில வருடங்களில் தேறிய டாக்டர்களில் எத்தனை பேர் அந்தத் திரும்பலில் தேறினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தியைத் தெரியும்.

ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். எத்தனையோ பேர் அந்த நெஞ்சில் காதை வைத்தோம். சத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கேட்டோமே தவிர, போன வருடத்தைவிட ஏன் நன்றாக இருக்கிறது என்று கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து வார்டுக்கு வருவதற்குள் அவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழ ஆரம்பித்திருந்தார். அதைக் கவனித்தவர் சீஃப்தான். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வால்வு மிகவும் சுருங்கியிருந்தது. இனி மாத்திரையில் ஓட்ட முடியாது, பலூன் வைத்து விரிக்க வேண்டும் என்று கோயமுத்தூருக்கு அவரே எழுதித் தேதி வாங்கினார். அக்காவை அங்கே சேர்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு மாத விடுப்பில் மகள் ஊருக்குப் போனார்.

தேதி வந்தது தேர்வு வாரத்தில். அந்த வருடம் நோட்டில் அதே நோயுள்ள மற்ற இருவரில் ஒருவருக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, ஒருவர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். எங்கள் உலகத்தில் ஒரு விபரீதம் உண்டு. நல்ல கேஸ் குணமாகிவிட்டால், "ஐயோ, போச்சே" என்போம். சிரித்துக்கொண்டேதான் சொல்வோம், ஆனாலும் சொல்வோம். சீஃப் இல்லாத நேரத்தில் தேர்வை நானே நடத்திக் காட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்கு. அக்காவுக்குப் போன் செய்தேன். "தேதியை ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்கலாமா அக்கா? பரீட்சை முடிஞ்சதும் நானே கூட வந்து சேர்த்துவிடறேன்" என்றேன். ஒரு நொடிகூட அவர் யோசிக்கவில்லை. "அதுக்கென்னங்க சாமி. இத்தன வருசம் இருந்ததுதானுங்களே. புள்ளைங்க பரீட்சை முடியட்டுமுங்க" என்றார். அவர் தயங்கியிருந்தால் நான் விட்டிருப்பேன் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நம்பவில்லை.

தேர்வு பிரமாதமாக நடந்தது. வெளியூர் எக்ஸாமினர் அக்காவின் நெஞ்சில் தானே ஒருமுறை கேட்டுவிட்டு, "இந்த மாதிரி ஒரு கேஸ் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சும்மா" என்று என்னிடம் சொன்னார். நான் பூரித்துப்போனேன். அன்று சாயங்காலம்தான் நோட்டில் மூன்றாவது நட்சத்திரத்தைப் போட்டேன். கோயமுத்தூரில் புதுத் தேதி ஒரு மாதத்தில் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் தள்ளித்தான் கொடுத்தார்கள். அது வருவதற்கு ஒன்பது நாள் முன்னால், காலையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வால்வு சுருங்கிய இதயத்தில் துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போயிருந்தது. வலக் கை, வலக் கால் போயிற்று. பேச்சும் போயிற்று.

அவருடைய கணவர் வேனில் தூக்கிக்கொண்டு எங்களிடமே வந்தார். கேஸ் ஷீட்டை நான்தான் எழுதினேன். சிகிச்சைத் தேதி ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன். யார் ஒத்திவைத்தது என்று எழுதவில்லை. விடுப்பு முடிந்து எப்போதோ திரும்பியிருந்த சீஃப் அந்த வரியில் நின்றார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். திட்டியிருக்கலாம். அவர் கோபக்காரர், சின்னத் தப்புக்கெல்லாம் வார்டே கேட்கத் திட்டுகிறவர். அன்றைக்கு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ரவுண்ட்ஸ் முடிந்ததும் கூட வேலை செய்த ஒருவர், "அடுத்த பரீட்சைக்கு இவங்களே பெரிய கேஸுக்கு ஆச்சு" என்றார். அதற்கு முந்தின மாதம் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வராந்தாவில் கணவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "பரீட்சைக்கு நா இல்லாட்டி டாக்டரம்மாவுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு வந்தாளுங்க. பெருமையாத்தான் சொன்னாளுங்க" என்றார். அப்போதாவது வாயைத் திறந்து, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை வேளைகளை விளக்கிவிட்டு வந்துவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து ஜேடர்பாளையம் போனேன், சொல்லிவிடுவது என்ற முடிவோடு. வாய்க்காலை ஒட்டிய சின்ன வீடு. அக்கா இரும்புக் கட்டிலில் படுத்திருந்தார். "டாக்டரம்மா வந்திருக்கறாங்க பாரு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கணவர் இளநீர் வெட்டப் போனார். பேச்சுத்தான் போயிருந்ததே தவிர, நாம் சொல்வது அவருக்குப் புரியும். "அக்கா, அந்தத் தேதி..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னையே பார்த்தார். பேச வராத இடத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவருடைய இடது கை நீண்டு கட்டில் கம்பியைப் பிடித்தது. அந்த ஒரு கையால், செத்துக் கிடந்த வலப் பக்கத்தையும் சேர்த்து இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் திரும்பிப் படுத்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. நான் அவர் நெஞ்சில் கை வைத்தேன். என் கை சில்லென்று இருந்தது.

கணவர் இளநீரோடு வந்தார். நான் குடித்தேன். "பரீட்சை வந்தாச் சொல்லுங்க சாமி, கார் வெச்சுக் கூட்டியாறனுங்க. அங்க வாரதுன்னா அவளுக்கு உசுரு" என்றார். சரிங்க என்றேன். அதைச் சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன் போலிருக்கிறது. நான் கூப்பிடவில்லை. அடுத்த ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா இறந்துவிட்டார் என்று போன் வந்தது. அன்றைக்கு எனக்கு வகுப்பு இருந்தது. வகுப்பெடுத்தேன்.

இன்று நான் சீஃப். அந்த நாற்காலி, அந்த ஜன்னல். சென்ற வாரம், சொன்னபடி சாயங்காலம் மாணவி வந்தபோது நோட்டு என் முன்னால் அதே பக்கத்தில் திறந்திருந்தது. ஓமலூர்ப் பெண் தேதிப்படி கோயமுத்தூர் போகட்டும், ஆம்புலன்ஸுக்கு இப்போதே சொல்லிவிடு, தேர்வுக்கு வேறு கேஸ் வைத்துக்கொள்ளலாம் என்றேன். தலையாட்டினாள். போகவில்லை. நோட்டைப் பார்த்தாள், மூன்று நட்சத்திரம் அவளை விடவில்லை.

"அப்ப இந்த ஜேடர்பாளையத்து அம்மா வர மாட்டாங்களா மேடம்?"

"வர மாட்டாங்க."

"ஏன் மேடம், ஆபரேஷன் ஆயிடுச்சா?"

கேஸ் ஷீட்டிலும் எழுதாமல், கணவரிடமும் சொல்லாமல், அந்தக் கட்டிலருகிலும் வாய்க்கு வராமல் போனதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"இல்லம்மா. தேதி கிடைச்சிருந்தது. இதே மாதிரி ஒரு பரீட்சைக்காக நான்தான் போகவிடல."